நாயினங்களின் பெயரும் பழியும்: தொடக்கப்பள்ளி வகுப்பில் ஒரு பாடம்

தோற்றுவாய்

நாய் என்னும் சொல் தமிழில் இடத்திற்கு ஏற்பப் பொருள் மாறி நிற்பது. பாடநூலில் அது நன்றிக்கு உவமை, தெருவில் வசைச்சொல். ஆறு வயதுக் குழந்தை இவ்விரண்டையும் ஒரே நாளில் கேட்கிறது. காலையில் நாய் நன்றியுள்ள விலங்கு என்று ஆசிரியர் எழுதச் சொல்கிறார். மாலையில் வீடு திரும்பும் வழியில் பெரியவர் இருவர் ஒருவரையொருவர் அச்சொல்லாலேயே ஏசிக்கொள்கின்றனர். இவற்றுள் எதுவும் தெருமுனையில் படுத்திருக்கும் அந்த உயிரைப் பற்றி அக்குழந்தைக்கு ஒன்றும் அறிவிப்பதில்லை.

பழந்தமிழர் இவ்விலங்கைக் கூர்ந்து நோக்கியவர் என்பதற்கு மொழியே சான்று. ஞமலி, ஞாளி என்னும் பெயர்கள் சங்க நூல்களிற் பயில்கின்றன. தொல்காப்பிய மரபியல் நாயின் இளமைப் பெயரைக் குருளை என்று வகுத்து, புலிக்கும் பன்றிக்கும் முயலுக்கும் அதே பெயரை உரிமையாக்குகிறது. நாய்க்குட்டிக்கும் புலிக்குட்டிக்கும் ஒரே சொல்லை வழங்கிய மொழி நம்முடையது என்பது ஈண்டு நினைத்து மகிழத்தக்கது. இதனை வகுப்பிற் சொன்னால் பிள்ளைகளும் மகிழ்வர்.

அண்மைக் காலத்தில் இவற்றோடு மூன்றாவதாக ஒரு குரலும் குழந்தையின் செவியில் விழத் தொடங்கியுள்ளது. அது இனப்பெயரின் குரல். 2024 மார்ச் மாதம் நடுவணரசின் கால்நடை பராமரிப்பு, பால்வளத் துறை, பிட்புல், ராட்வைலர் உள்ளிட்ட இருபத்து மூன்று நாயினங்களின் இறக்குமதியையும் இனப்பெருக்கத்தையும் விற்பனையையும் தடுக்குமாறு மாநிலங்களுக்குச் சுற்றறிக்கை விடுத்தது. அடுத்த மாதமே கருநாடக உயர்நீதிமன்றம் அதனைத் தள்ளுபடி செய்தது. மே மாதம் சென்னைப் பூங்கா ஒன்றில் ராட்வைலர் நாய்கள் இரண்டு ஐந்து வயதுச் சிறுமியைக் கடித்துக் குதறின. இச்செய்திகள் யாவும் வீட்டுத் தொலைக்காட்சி வழியே பிள்ளைகளையும் எட்டின. ஆதலின் "அது கெட்ட நாயா, நல்ல நாயா?" என்று வகுப்பில் ஒரு குழந்தை கேட்குமாயின் வியப்பதற்கில்லை. ஆசிரியர் அதற்கு என்ன விடை கூறுவது? இவ்வினாவே இக்கட்டுரையின் பொருள். சட்டம் எவ்வாறு அமையவேண்டும் என்பதை ஆராய்தல் நம் நோக்கமன்று; அது பெரியோர் அவையில் தீரவேண்டிய வழக்கு.

அல்சேஷன் கற்பிக்கும் பாடம்

பழி சுமந்த இனங்களைச் சிறுவர்க்கு அறிமுகம் செய்யப் புகும் ஆசிரியர் பிட்புல்லிலிருந்து தொடங்க வேண்டா. அச்சம் இன்னும் ஆறாத இடத்தில் பாடம் ஏறாது. நம் நாட்டார் அல்சேஷன் என்று வழங்கும் நாயிலிருந்து தொடங்குதல் நலம். காவல்துறை நாய் என்றதும் பிள்ளைகள் மனத்தில் தோன்றும் உருவம் பெரும்பாலும் அதுவே.

இதன் பெயர் வரலாறு சுவையானது. ஜெர்மனியில் ஆடு மேய்க்கும் நாய்களிலிருந்து மாக்ஸ் வான் ஸ்டெபானிட்ஸ் என்பார் 1899 முதல் பேணி வளர்த்த இனம் இது. ஜெர்மன் மேய்ப்பு நாய் என்பதே அதன் இயற்பெயர். முதல் உலகப்போர் முடிந்தபோது ஜெர்மன் என்னும் சொல்லே ஆங்கிலேயர்க்குக் கசந்தது. நாய் வேண்டும், அதன் பெயர் வேண்டா என்ற நிலையில், எல்லைப்புறமாகிய அல்சேஸ் பகுதியின் பெயரைச் சூட்டி 'அல்சேஷிய ஓநாய் நாய்' என்று பதிவு செய்தனர். ஒரு பழியிலிருந்து தப்புவிக்க வைத்த பெயரே மற்றொரு பழியைக் கொணர்ந்தது. ஓநாய் என்ற சொல் ஒட்டிக்கொண்டமையால், இது ஓநாய்க் குருதி கலந்த கொடிய விலங்கு என்ற எண்ணம் பரவியது. ஆஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணையாளர் அஞ்சினர். இந்நாய் அந்நாட்டுக் காட்டு நாயாகிய டிங்கோவோடு கலந்து ஆட்டு மந்தைகளை அழித்துவிடும் என்று கருதி, 1929-இல் அதன் இறக்குமதியை அவ்வரசு தடை செய்தது. அத்தடை முற்றும் நீங்க 1970-கள் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. பிரித்தானியாவில் பழைய பெயர் மீண்டதும் 1977-இல்தான். நாமோ இன்றும் அல்சேஷன் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

இதே காலத்தில் நிகழ்ந்த மற்றொன்றையும் இதனோடு சேர்த்துச் சொல்லவேண்டும். போரிற் கண்ணிழந்த ஜெர்மானியப் படைவீரர்களுக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் பள்ளி 1916-இல் ஓல்டன்பர்க் நகரில் தொடங்கப்பெற்றது. அங்குப் பெரிதும் பழக்கப்பட்டது இந்த இனமே. இங்கிலாந்தில் வாலசி என்னும் ஊரில் 1931-இல் பார்வையற்றோர் நால்வரிடம் முதன்முதலாக வழிகாட்டி நாய்கள் ஒப்படைக்கப்பட்டன. ஃப்ளாஷ், ஜூடி, மெட்டா, ஃபாலி என்பன அவற்றின் பெயர்கள், நான்கும் அல்சேஷன்களே. ஆஸ்திரேலியா ஓநாய் என்று அஞ்சிக் கதவடைத்து ஈராண்டு கழிந்த நிலையில், அதே இனத்து நாயின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு பார்வையற்ற ஒருவர் வாலசியின் தெருவைக் கடந்தார். இவ்விரண்டையும் அடுத்தடுத்துக் கூறினால் ஏழு வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளும். விளக்கவுரை வேண்டியதில்லை, சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாதிருத்தல் போதும்.

பிட்புல்: பெயர்க்காரணம்

இனிப் பிட்புல்லுக்கு வரலாம். இப்பெயரின் இரு கூறுகளும் மனிதன் செய்தவற்றைக் கூறுவனவே. முற்காலத்தில் இங்கிலாந்தில் காளையைக் கட்டிவைத்து நாய்களை ஏவிக் கடிக்கவிட்டு வேடிக்கை பார்த்தனர். அதிலிருந்து வந்தது 'புல்', அதாவது காளை. 1835-இல் பாராளுமன்றம் அவ்விளையாட்டைத் தடை செய்தபின், மறைவிடங்களில் குழி போன்ற களம் அமைத்து நாயோடு நாயை மோதவிட்டனர். அக்குழியே 'பிட்'. காளையும் குழியும் நாய் தேடிக்கொண்டவை அல்ல. அந்நாய்களின் வழிவந்தவை குடியேறியவர்களோடு அமெரிக்கா சென்றன. அங்குப் பண்ணைகளில் உழைத்தவையும் உண்டு. வீடுகளில் வளர்ந்தவையும் உண்டு. குழியிலேயே மாண்டவையும் உண்டு.

சிறுவர்க்குச் சொல்லத்தக்க நிகழ்ச்சி ஒன்று 2007-இல் நடந்தது. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், புகழ்பெற்ற கால்பந்து வீரர் மைக்கேல் விக் என்பாருக்குச் சொந்தமான இடத்தில் நாய்ச்சண்டை நடத்தப்பட்டமை வெளிப்பட்டது. அவர் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு சிறை சென்றார். ஏறத்தாழ ஐம்பது பிட்புல்கள் கைப்பற்றப்பட்டன. சண்டைக் களத்திலிருந்து மீட்கப்பட்ட நாய்களைத் திருத்த இயலாது என்று கருதிக் கொன்றுவிடுவதே அதுவரை பெருவழக்காக இருந்தது. இம்முறை நீதிமன்றம் வேறு வழியை மேற்கொண்டது. ஒவ்வொரு நாயையும் தனித்தனியே வல்லுநர் சோதித்தனர். அவற்றின் நலனைக் கண்காணிக்கச் சட்டப் பேராசிரியர் ஒருவரும் அமர்த்தப்பெற்றார். பெரும்பாலான நாய்கள் உயிர் பிழைத்தன. சில வீடுகளுக்குச் சென்றன. மனிதரைக் கண்டாலே நடுங்கிய சில, காப்பகங்களிலேயே நெடுநாள் இருந்தன. அவற்றுள் ஜானி ஜஸ்டிஸ் என்று பெயரிடப்பட்ட நாய், நூலகத்தில் சிறுவர் அருகே அமர்ந்து அவர்கள் வாய்விட்டுப் படிப்பதைக் கேட்கும் பணிக்குப் பழக்கப்பட்டது. திக்கித் திக்கிப் படிக்கும் பிள்ளைக்கு, பிழை திருத்தாமல் கேட்டுக்கொண்டிருக்கும் ஒருவர் வேண்டும் அல்லவா? ஆசிரியர்களாகிய நாம் அவ்வாறு கேட்பதில்லை என்பதையும் இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கலாம்.

இந்நிகழ்ச்சியில் பிள்ளைகள் மனத்திற் பதியவேண்டியது 'தனித்தனியே' என்னும் ஒரு சொல். ஐம்பது நாய்களும் ஒரே இனம். ஒரே கொடுமைக்கு உட்பட்டவை. எனினும் ஒன்று நூலகம் சென்றது. மற்றொன்று மூலையில் ஒடுங்கியது. அமெரிக்க ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்ட விரிவான ஆய்வொன்றும் இதனை அரண்செய்கிறது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் இயல்புகளை உரிமையாளரிடம் கேட்டறிந்து, அவற்றுள் இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவற்றின் மரபணுக்களையும் அவர்கள் ஆராய்ந்தனர். நாய்க்கு நாய் காணப்படும் நடத்தை வேறுபாட்டில் இனத்தால் விளக்கக்கூடியது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கே என்று கண்டனர். இனம் ஒன்றுமே இல்லை என்பது இதன் பொருளன்று. மேய்ப்பு நாய் மந்தையை வளைப்பதும், வேட்டை நாய் முயலைத் துரத்துவதும் மரபில் வந்தனவே. எதிரே நிற்கும் ஒரு நாய் எத்தகையது என்பதை இனப்பெயர் மட்டும் கொண்டு அறுதியிட இயலாது என்பதே பொருள்.

எதிர்ப்பொய்

இங்கு ஆசிரியர் விழிப்பாக இருக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. ஒரு பொய்யைக் களைய முற்படுவோர் அதற்கு நேர்மாறான மற்றொரு பொய்யை நடுவது இயல்பாகிவிட்டது. பிட்புல் அக்காலத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் தாதி நாயாக இருந்தது என்றொரு கதை உலவுகிறது. இதற்கு வரலாற்றுச் சான்று இல்லை. விக்கின் நாய்களை மீட்டு வளர்த்த அமைப்புகளுள் ஒன்றே 2013-இல் இக்கதையைக் கைவிடுமாறு அன்பர்களை வேண்டியது. குழந்தையையும் நாயையும் தனியே விடுவதற்கு இக்கதை துணைபோகும் என்று அவ்வமைப்பினர் அஞ்சினர். அவ்வச்சம் நேரியது. கடித்தால் தாடை பூட்டிக்கொள்ளும் என்பதும் பொய்யே. அவ்வாறு பூட்டும் உறுப்பு எதுவும் எந்த நாய்க்கும் இல்லை. ஆயினும் வலிய தாடையும் கனத்த உடலும் கொண்ட நாய் கடித்தால் காயம் பெரிதாகும் என்பது மெய். இம்மெய்யை மறைத்து அன்பை மட்டும் கற்பிப்பது குழந்தைக்கு இழைக்கும் தீங்காகும். சென்னைப் பூங்காவில் நிகழ்ந்ததை நினைவிற் கொண்டோர் இதனை மறுக்கமாட்டார்.

ஆகவே 'எல்லா நாயும் நல்லவை' என்பதும் பாடமாகாது. 'இந்த இனம் கெட்டது' என்பதும் பாடமாகாது. கண்ணால் கண்டு அறியும் பழக்கத்தை ஊட்டுவதே பாடம்.

வகுப்பில் செய்யத்தக்கன

கண்டு அறிதல் எளிதன்று. இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் கெர்ஸ்டின் மைன்ட்ஸ் என்பாரும் உடன் ஆய்வாளரும் சிறு குழந்தைகளுக்கு நாய்களின் அசைவுகளைக் காட்டி, அவற்றின் மனநிலையைக் கேட்டனர். பல்லைக் காட்டி உறுமும் நாயைச் சிரிக்கும் நாய் என்று குழந்தைகள் பலர் கூறினர். நாம் சிரிக்கும்போது பல் தெரிகிறது. அதனால் நாய்க்கும் அவ்வாறே என்று அவர்கள் கொண்டது பிள்ளை அறிவுக்கு இயல்பே. நாயின் நுட்பமான குறிகளைப் பெற்றோரும் தவறாகவே உணர்ந்தனர் என்பது அவ்வாய்வில் நம் போன்ற மூத்தோர் கவனிக்கவேண்டிய பகுதி. கற்பித்தபின் குழந்தைகள் திருந்தினர் என்பது ஆறுதல் தரும் செய்தி.

ஆதலின் முதல் வகுப்பில் படங்களே போதும். உயிருள்ள நாயை வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை. கொண்டுவருதல் கூடாது என்பதே நம் கருத்து. முன்னரே கடிபட்ட குழந்தை அங்கு இருக்கக்கூடும். நாயைத் தொடுவதில் மார்க்க வரம்பைப் பேணும் இல்லங்களிலிருந்து வரும் பிள்ளைகளும் இருப்பர். தொடாமலே கற்கலாம். தாகத்தால் தவித்த நாய்க்குக் கிணற்றிலிறங்கி நீர் மொண்டு புகட்டியவர் பற்றிய நபிமொழியைக் கேட்டு வளர்ந்த குழந்தைக்கு, தொடுதல் வேறு, இரங்குதல் வேறு என்று நாம் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

படத்தைக் காட்டும்போது இனப்பெயரைத் தாளால் மறைத்துவிடுக. செவி எவ்வாறு இருக்கிறது, வால் எங்கே இருக்கிறது, வாய் இறுகியிருக்கிறதா, கண்ணில் வெள்ளை தெரிகிறதா என்று கேட்டுப் பிள்ளைகளைக் கூறச் செய்க. தலையைத் திருப்பிக்கொள்ளுதல், உறங்கும் நேரமல்லாத போது கொட்டாவி விடுதல், உணவின்றி உதட்டை நக்குதல் ஆகியவை 'என்னை விட்டு விலகு' என்று நாய் மெல்லச் சொல்லும் சொற்கள். உடல் விறைத்தலும் உறுமலும் அதனையே உரக்கச் சொல்வன. வால் ஆட்டும் நாயெல்லாம் மகிழ்ந்த நாய் அன்று. விறைத்து உயர்ந்த வாலும் அசையும். விடைகள் வந்தபின் தாளை எடுத்துப் பெயரைக் காட்டுக. கொடியது என்று கேள்விப்பட்ட இனத்தின் பெயர் அமைதியான படத்தின் அடியிலும், பஞ்சு போன்ற சிறுநாயின் பெயர் உறுமும் படத்தின் அடியிலும் இருக்குமாறு முன்னரே தேர்ந்து வைத்திருத்தல் ஆசிரியரின் திறம்.

நம் நாட்டு இனங்களையும் இங்கே சேர்க்கவேண்டும். 2005-இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாய்த் தலைகளுள் ராஜபாளையமும் ஒன்று. வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இந்நாய்களிற் சில பிறவியிலேயே செவிப்புலன் குன்றியவை. அழைத்தால் வாரா, பின்னாலிருந்து தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கவும் கூடும். செவி கேளாமையை அறியாதவர் அதனைச் சினம் என்பர், திமிர் என்பர். சிப்பிப்பாறை நாய்க்கு நேர்வது வேறு வகைத் திரிபு. ஒட்டிய வயிறும் தெரியும் விலா எலும்பும் கண்டு, வளர்ப்பவர் சோறிடுவதில்லை என்று காண்போர் இரங்குவர். முயலை ஓடிப் பிடிக்க அமைந்த உடல் அது. கோம்பை நாய் காவலுக்கென்றே பெயர்பெற்றது. அயலாரை அது ஐயுறுவது அதன் தொழில். அதன் வேலிக்குள் கை நீட்டாதிருத்தல் நம் தொழில்.

இரண்டாம் வகுப்பில் நடித்துக் காட்டல். பிள்ளைகள் மிக விரும்புவது இதுவே. ஆசிரியர் சற்று இரைச்சலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அறியாத நாய் அருகில் வந்தால் ஓடாமல், கத்தாமல், கைகளை உடலோடு ஒட்டிவைத்து, தரையை நோக்கி, மரம் போல் நிற்கவேண்டும். தள்ளி வீழ்த்தினால் கல்லைப் போல் சுருண்டு, கழுத்தையும் செவிகளையும் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். உண்ணும் நாய், உறங்கும் நாய், குட்டி ஈன்ற நாய், கட்டியிருக்கும் நாய் ஆகியவற்றின் அருகே செல்லலாகாது. அவை வீட்டு நாயாயினும் ஆகாது. சிறு குழந்தைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அவர்கள் அறிந்த நாய்களே என்பது மேலைநாட்டு மருத்துவமனைப் பதிவுகள் கூறும் செய்தி. கல்லெறிதல், வாலிழுத்தல் ஆகியவற்றை விலக்கும்போது நன்னெறி பேசுவதைவிட, எறிபட்ட நாய் அடுத்து வரும் சிறுவனையும் எறிபவனாகவே கருதும் என்று காரணம் காட்டுதல் பயன் தரும்.

மூன்றாவது செய்தியே உயிர் காப்பது. அதனை எவ்வளவு வற்புறுத்தினும் தகும். வெறி என்ற சொல்லில் நமக்கு ஒரு மயக்கம் உண்டு. சினங்கொண்ட நாயையும் வெறிநாய் என்கிறோம். நோய் கொண்ட நாயையும் அவ்வாறே கூறுகிறோம். அதனால் சாதுவான நாய் கடித்தால் தீங்கில்லை என்று பிள்ளைகள் எண்ணிவிடுகின்றனர். வெறிநோய் இனம் பார்ப்பதில்லை. தெருவில் கண்டெடுத்த அழகிய குட்டியின் ஒரு கீறலிலும் அது இருக்கலாம். நோய்க்குறி தோன்றியபின் காப்பாற்றுதல் அநேகமாக இயலாது. குறி தோன்றுமுன் தடுப்பூசி முறையாகப் போட்டுக்கொண்டால் அநேகமாக எவரும் இறப்பதில்லை. உலகில் வெறிநோயால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இறப்பதாகவும், அவருள் மூன்றிலொரு பங்குக்கு மேற்பட்டோர் இந்தியர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஐயத்துக்குரிய விலங்கின் கடிக்கு ஆளாவோருள் நூற்றுக்கு நாற்பதின்மர் பதினைந்து வயதுக்குட்பட்டோர் என்பதும் அந்நிறுவனத்தின் கணக்கே.

கடிபட்ட குழந்தை அதனை வீட்டிற் சொல்லாமல் மறைப்பதும் உண்டு. நாயிடம் ஏன் போனாய் என்று அடி விழும் என்ற அச்சமே காரணம். 'கெட்ட நாயிடம் போகாதே' என்று மட்டும் கற்பித்த வீட்டில் இம்மறைப்பு மேலும் எளிது. ஏனெனில் கடிபட்டது தன் குற்றம் என்று குழந்தை கொண்டுவிடுகிறது. ஆதலின் கடித்தாலும், கீறினாலும், புண்ணை நக்கினாலும் உடனே பெரியவரிடம் சொல்லவேண்டும், சொன்னால் எவரும் அடிக்கமாட்டார் என்பதைப் பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்லச் செய்தல் வேண்டும். அவ்வாக்குறுதியைக் காக்கும் பொறுப்பு பெற்றோருடையது.

ஆகவே பாடம் முடிந்த அன்று மாலை, ஒவ்வொரு குழந்தையின் கையிலும் பெற்றோர்க்கான தாள் ஒன்றைக் கொடுத்தனுப்புதல் நலம். அதில் நான்கே வரிகள் இருந்தால் போதும்: கடிபட்ட இடத்தைச் சோப்பிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவுக, மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பாதீர், அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, அவர்கள் குறிக்கும் நாள்களில் எல்லா ஊசிகளையும் தவறாமல் போடுக, குழந்தையை அடிக்காதீர். தாளின் அடியில் பெற்றோர் கையொப்பமிட இடம் விட்டு, மறுநாட் காலை வருகைப்பதிவின்போது அதனைத் திரும்பப் பெறுக. கொண்டுவராத பிள்ளையின் வீட்டுக்கு ஆசிரியர் ஒருமுறை நேரிற் சென்று வருக.